கூமுட்டையின் சாட்சியம்

2023-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையில், பம்பாயில் தாதர் சிவாஜி பூங்காவை அடுத்த மகாத்மா காந்தி நீச்சல் குளத்தில், நீந்த வருபவர்களை உள்ளே விடுவதற்கு முன் வழக்கப்படி நீரைப் பார்வையிட்ட ஊழியர்கள், ஏறக்குறைய இரண்டடி நீளமுள்ள முதலைக் குட்டி ஒன்று அதில் நீந்திக்கொண்டிருப்பதைக் கண்டு திகைத்தார்கள். குட்டி பிடிபட்டு வனத்துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. அது எங்கிருந்து வந்தது என்ற விவாதம் பத்திரிகைகளிலும் தேநீர்க் கடைகளிலும் சில நாட்கள் நடந்து ஓய்ந்தது. என் மனமோ அந்த விவாதத்தை விட்டு, அதற்கும் முந்திய ஒரு காலத்தையே நாடிற்று. அந்தக் குட்டி முட்டைக்குள் கிடந்த இரண்டு மாத காலத்தை. உஷ்ணம் இரண்டு மூன்று டிகிரி கூடாமலும் குறையாமலும், ஈரம் மிகாமலும் வற்றாமலும், காற்று அடைபடாமலும், எவர் கையும் புரட்டாமலும் அறுபது எழுபது நாட்கள் கழிந்திருந்தாலன்றி, அப்படி ஒரு ஜீவன் தாதர் குளத்து நீரைக் கலக்கியிருக்க இயலாது. ஆனால் பொரிந்துவிட்ட முட்டை இந்த நிபந்தனைகளைப் பற்றி நமக்கு அதிகம் சொல்வதில்லை. எல்லாம் சரியாக இருந்தன என்பதோடு அது நின்றுவிடுகிறது. எது தவறிற்று என்பதைச் சொல்லக்கூடியது பொரியாமல் மிஞ்சிய முட்டை மட்டுமே.

கோழியை அடைவைத்த வீடுகளில் இருபத்தொரு நாள் கழிந்தும் பொரியாத முட்டையை நம்மவர்கள் கூமுட்டை என்பார்கள். காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்து, உள்ளே நீர் தளும்பும் ஓசை கேட்டதும் அதைக் குப்பைமேட்டுக்கு அனுப்பிவிடுவது வழக்கம். கருவே தரிக்காத முட்டையும், கரு தரித்து மூன்றாம் நாளே மாண்ட முட்டையும், பாதி வழியில் மூச்சு முட்டிப்போன முட்டையும், முழுக் குஞ்சாகி ஓட்டை உடைக்கும் தருவாயில் உயிர் விட்ட முட்டையும் அந்த ஒரே பெயரின் கீழ் ஒரே மேட்டில் போய்ச் சேர்கின்றன. கோழி வளர்ப்பவருக்கு இது பெரிய நஷ்டமன்று. அடுத்த வாரம் கோழி மறுபடியும் இடும். பாம்பு, ஆமை, முதலை முதலிய ஊர்வனவற்றின் முட்டைகளைக் காக்கப் புகுந்தவர்களுக்கோ வருஷத்துக்கு ஒரு முறை வாய்க்கும் சந்தர்ப்பம் அது. கூமுட்டை என்ற அந்த ஒற்றைச் சொல்லைப் பிரித்து, எந்த முட்டை எந்த நாளில் என்ன காரணத்தால் மாண்டது என்று கேட்கத் தெரிந்தவனே அடுத்த வருஷம் ஒரு குட்டியையாவது கூடுதலாகக் காப்பாற்றுகிறான் என்பது என் அனுபவத்தில் ஊறிய அபிப்பிராயம்.

அந்த அனுபவம் எனக்குத் தாதரிலேயே வாய்த்தது. மழைக்காலத்துக்கு முன் சாக்கடைகளைத் தோண்டித் தூர்வாரும் மே மாதக் கடைசியில், தாதர் கிழக்கில் பழைய குடியிருப்பு ஒன்றின் மதிற்சுவரோரம் குவிந்து கிடந்த செங்கல் இடிபாட்டை அகற்றிய வேலையாட்கள், வெண்மையான நீள்வட்ட முட்டைகள் பதினொன்று ஒன்றோடொன்று ஒட்டிக் குலையாகக் கிடப்பதைக் கண்டார்கள். அருகிலிருந்து ஓடிய நீண்ட பாம்பைப் பார்த்தவர்கள் அது நாகம் என்று அஞ்சினார்களாயினும், அது எலிகளைத் தின்று குடியிருப்புக்கு நன்மை செய்யும் சாரையே. மாட்டுங்காவில் வசிக்கும் தமிழ் மாணவர் ஒருவர், பாம்பு பிடிக்கப் பழகியவர், அங்கே வந்து சேருமுன், குலையிலிருந்து மூன்று முட்டைகளை யாரோ பிய்த்தெடுத்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுவிட்டிருந்தார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி முட்டையும் பாதுகாக்கப்பட்ட பொருளே ஆதலால், அவர் முதலில் வனத்துறைக்குத் தகவல் சொல்லி, அவர்கள் சம்மதத்தின் பேரில் முட்டைகளைத் தம் வீட்டில் வைத்துக் கவனித்தார். ‘சார், நீங்க தினமும் வந்து குறிப்பு எழுதுங்க, எனக்குப் பரீட்சை இருக்கு’ என்று அவர் கேட்டுக்கொண்டபடி, நான் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு மாடி ஏறத் தொடங்கினேன்.

மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா. அதில் பூந்தொட்டிகளுக்கு இடும் வெர்மிகுலைட் மணல், தண்ணீர் கலந்து. அதன் மேல் முட்டைகள். டப்பாவைச் சுற்றி தெர்மாகோல் பெட்டி. பெட்டிக்குள் சிறிய மின்விளக்கு. உஷ்ணம் 29 டிகிரியைத் தாண்டினால் விளக்கை அணைக்கும் கருவி. குளிர்நாட்டு நூல்கள் சொல்லும் ஏற்பாடு இது. நாற்பத்தேழாம் நாள் மூன்று முட்டைகளின் தோல் கீறுண்டு, ஈரம் மினுங்கும் மூன்று சிறு தலைகள் எட்டிப் பார்த்தன. மற்ற எட்டும் அசையவில்லை. இரண்டு வாரம் பொறுத்திருந்து, இனி ஒன்றும் ஆகாது என்று ஐயமறத் தெரிந்த பிறகு, அவற்றை எறியாமல், சிறு கத்தரிக்கோலும் வெள்ளைத் தட்டும் பூதக்கண்ணாடியும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்தோம்.

முதல் இரண்டு முட்டைகள் மற்றவற்றைவிடச் சிறியவை. தொடக்கத்திலிருந்தே மஞ்சள் பாரித்து, தொட்டால் மெழுகுக் கட்டிபோல் இறுகியிருந்தவை. உள்ளே கெட்டிப்பட்ட மஞ்சள் கருவைத் தவிர வேறொன்றுமில்லை. ஓர் இரத்த நூல்கூட இல்லை. இவை கருத்தரிக்காத முட்டைகள் என்று எழுதிக்கொண்டோம். ஆயினும் இந்தத் தீர்ப்பை அவசரப்பட்டு எழுதிவிடலாகாது என்பதை விஞ்ஞானம் அண்மையில்தான் வற்புறுத்தத் தொடங்கியிருக்கிறது. இங்கிலாந்தின் ஷெபீல்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், வளர்ச்சியே காட்டாத ஆமை முட்டைகளை எடுத்து, மஞ்சள் கருவைப் போர்த்திய மெல்லிய சவ்வை நுண்ணோக்கியின் கீழ் விரித்துப் பார்த்து, அதில் விந்தணுக்களும் அவை துளைத்த துளைகளும் இருக்கின்றனவா என்று தேடினார்கள். கருத்தரிக்காதவை என்று ஒதுக்கப்பட்ட முட்டைகளில் பெரும்பகுதி உண்மையில் கருத்தரித்து, கண்ணுக்குப் புலப்படுமுன்பே கரு மாண்டவை என்பது தெரிய வந்தது. ஆணிடம் குறை என்று எண்ணி ஆணை மாற்றிக்கொண்டிருந்த காப்பகங்கள், உண்மையில் கருவின் முதல் சில நாட்களை, அல்லது தாயின் ஆகாரத்தை, அல்லது நெருங்கிய உறவில் இணைவதால் நேரும் கேட்டைக் கவனித்திருக்க வேண்டும் என்பது இதன் பொருள்.

ஆணே குறையாக இருந்த சந்தர்ப்பமும் உண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஒரிஸ்ஸாவின் நந்தன்கானன் விலங்குக்காட்சி சாலையில் வளர்ந்த பெண் கரியால் முதலைகளுக்குத் தகுந்த துணை கிடைக்காமல், ஜெர்மனியின் பிராங்க்பர்ட் காட்சி சாலையிலிருந்து ஓர் ஆண் வரவழைக்கப்பட்ட பிறகே, 1980-இல் அங்கே கரியால் குட்டிகள் பொரிந்தன. மனிதர் காவலில் அந்த இனம் உலகிலேயே முதன்முதலாகப் பெருகியது அப்போதுதான். மறுபுறம், ஆண் இல்லை என்பதற்காகவே முட்டையைக் கூமுட்டை என்று தள்ளவும் கூடாது. பெண் பாம்புகளும் ஆமைகளும் ஒரு முறை பெற்ற விந்தை மாதக்கணக்கில், சில வேளை வருஷக்கணக்கில் உடலுக்குள் சேமித்து வைக்கக்கூடியவை. 2006-இல் இங்கிலாந்தின் செஸ்டர் காட்சி சாலையில், ஆணோடு ஒருபோதும் சேராத கொமோடோ உடும்பு ஒன்று இட்ட முட்டைகளில் கரு வளர்ந்திருந்தது என்று உறுதிப்பட்டபோது, இந்தத் துறையில் ‘முடியாது’ என்ற சொல்லை எவ்வளவு ஜாக்கிரதையாகப் பயன்படுத்த வேண்டும் என்பது விளங்கிற்று.

அடுத்த மூன்று முட்டைகள்தான் எங்கள் மனத்தை மிகவும் வருத்தியவை. ஏனெனில் அவை குலையிலிருந்து பிய்க்கப்பட்ட மூன்று. பாம்பு முட்டையின் தோல் கோழி முட்டையின் ஓட்டைப்போலக் கடினமானதன்று. நனைந்த தடித்த காகிதத்தைப்போல் வளைவது. தாய் இடும்போது ஈரமாயிருந்து, காயும்போது பக்கத்து முட்டையோடு பசை வைத்தாற்போல் ஒட்டிக்கொள்வது. ஒட்டியதைப் பிய்த்தால் தோலின் மேற்படலம் உரிந்துபோகிறது. பூதக்கண்ணாடியில் பார்த்தபோது அந்த மூன்றிலும் நகக்கண் அளவான தழும்பு தெரிந்தது. தழும்பிலிருந்து தொடங்கியே பச்சையும் சாம்பலுமான பூஞ்சணம் முட்டை முழுவதும் படர்ந்திருந்தது. உள்ளே, அரை விரல் நீளமுள்ள, கண் மட்டும் கறுத்துப் பெரிதாயிருந்த கரு மூன்றிலும் ஒரே வளர்ச்சியில் நின்றிருந்தது.

மாணவர் தம் குறிப்பில் ‘பூஞ்சணத்தால் மரணம்’ என்று எழுதியிருந்தார். முட்டை காப்பவர்கள் எல்லா நாட்டிலும் எழுதும் வாக்கியம் அது. பெரும்பாலும் தவறான வாக்கியம். உயிருள்ள முட்டையின் தோல் பூஞ்சணத்தை ஓரளவு தடுத்து நிற்கிறது. தோல் கிழிந்த இடத்திலோ, மாண்ட முட்டையிலோ அது தடையின்றிக் குடியேறுகிறது. ஆகவே பூஞ்சணம் கொலையாளியாக இருப்பதைவிட, சாவுக்குப் பின் வீட்டில் புகுந்த அந்நியனாக இருப்பதே அதிகம். கடலாமைக் கூடுகளில் பியூசேரியம் இனத்தைச் சேர்ந்த சில பூஞ்சணங்கள் நல்ல முட்டைகளையும் கொல்லவல்லவை என்று ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் நிறுவியிருப்பது மெய்யே; ஆனால் அங்கேயும் ஈரம் மிகுந்து காற்று குறைந்த கூடுகளே அதிகம் பாதிக்கப்படுகின்றன. பூஞ்சணம் கண்டவுடன் மருந்து தேடி ஓடுவதற்கு முன், அந்த முட்டையின் தோலுக்கு என்ன நேர்ந்தது, டப்பாவின் ஈரம் எவ்வளவு என்று பார்ப்பதே விவேகம். குலையில் நடுவே ஒரு முட்டை பூத்துவிட்டால்கூட அதைப் பிய்க்கப் போகாமல், படர்ந்ததை மெல்ல ஒற்றி எடுத்துவிட்டு விட்டுவிடுவதே அண்டை முட்டைகளுக்கு க்ஷேமம்.

ஈரத்தைப் பற்றிச் சொல்ல ஆறாவது முட்டையே போதும். குலையின் அடியில், மணலில் பாதி புதைந்திருந்த அது, மற்றவற்றைப்போல் ஒன்றரை மடங்கு பருத்திருந்தது. கத்தரி பட்டதும் தெளிந்த நீர் பீறிட்டது. உள்ளிருந்த கரு வெளிறிக் கிடந்தது. தோல் முட்டை மண்ணிலிருந்து நீரை உறிஞ்சிப் பருப்பது இயற்கையே. உறிஞ்சாவிட்டால் அது குழி விழுந்து வற்றிவிடும். ஆனால் அதே தோலின் நுண்துளைகள் வழியாகவேதான் பிராணவாயுவும் உள்ளே போகவேண்டும். துளைகளை நீர் அடைத்துவிட்டால், மண்ணுக்குள் கரு மூழ்கிச் சாகிறது. மணலும் தண்ணீரும் எடைக்கு எடை சமமாகக் கலக்கவேண்டும் என்று நூலில் கண்டபடியே நாங்கள் செய்தோம்; ஆயினும் அந்தக் கணக்கு, காற்று வறண்ட நாட்டில், டப்பாவிலிருந்து நாள்தோறும் நீர் ஆவியாகிப்போகும் நாட்டில் போட்ட கணக்கு. ஜூன் பிறந்து மழை இறங்கிவிட்டால் பம்பாயில் துவைத்த துணியே மூன்று நாள் உலராது. டப்பாவிலிருந்து ஒரு சொட்டும் போகவில்லை. நாங்களோ வாரந்தோறும் மேலும் தெளித்துக்கொண்டிருந்தோம். நம் வீட்டுப் பெண்கள் புட்டுக்கு மாவு பிசிறும் பதம் இதற்கு எந்தத் தராசையும்விட நல்ல அளவு: கையில் அள்ளி இறுக்கினால் பிடியாக நிற்கவேண்டும், விரலால் தட்டினால் உதிரவேண்டும், சொட்டு நீர் வடியலாகாது. இப்போது நாங்கள் அந்தப் பதத்தையே வைத்திருக்கிறோம்.

கடைசி இரண்டும் குலையின் உச்சியில் இருந்தவை. இவற்றைத் திறந்தபோது இருவரும் சிறிது நேரம் பேசவில்லை. சுருண்டு கிடந்த இரண்டு முழுப் பாம்புகள். செதில்களின் விளிம்பு கறுத்து, உடலின் முன்பாதியில் சாம்பல் நிறப் பட்டைகள் விழுந்து, மேலுதட்டின் நுனியில் முட்டைத் தோலைக் கீறுவதற்கென்றே இயற்கை தரும் ஊசிமுனைப் பல்கூட முளைத்திருந்தது. கொப்பூழில் மட்டும், உள்ளே இழுக்கப்படாத மஞ்சள் கருவின் மிச்சம், இரத்தம் கட்டிய சிறு பையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஐந்தாறு நாட்கள் கிடைத்திருந்தால் அந்தப் பையும் உள்ளே போய், முதல் இரை கிடைக்கும் வரை அவற்றுக்குக் கட்டுச்சோறாக இருந்திருக்கும்.

இவ்வளவு தூரம் வந்த குட்டி ஏன் மாண்டது? நோட்டைப் புரட்டினோம். நாற்பதாம் நாள், மழை விட்டு வெயில் கொளுத்திய ஒரு பிற்பகலில், அதிகபட்ச உஷ்ணத்தைக் குறிக்கும் மானி 36 டிகிரி காட்டியதாக நானே எழுதியிருந்தேன். மானி பழுதாயிருக்கும் என்று அருகில் ஒரு குறிப்பும் சேர்த்திருந்தேன். மானி பழுதாகவில்லை. விளக்கை அணைக்க வேண்டிய கருவியின் உணர்முனை, கட்டிய நூல் தளர்ந்து, ஈர மணலின் மூலையில் விழுந்து கிடந்தது. அந்த மூலை குளிர்ச்சியாக இருக்கவே, பெட்டி இன்னும் சூடாகவில்லை என்று எண்ணிய கருவி விளக்கை அணைக்காமலே விட்டிருக்கிறது. உச்சியில் இருந்தவை வெந்தன. நடுவில் தோழமை முட்டைகளின் மறைவில் இருந்த மூன்றும் பிழைத்தன. மேலும், பொரியும் நாள் நெருங்க நெருங்கக் குட்டிக்கு வேண்டிய பிராணவாயு பன்மடங்கு பெருகுகிறது. உஷ்ணம் ஏறினால் இன்னும் பெருகுகிறது. மூடியில் நாங்கள் இட்டிருந்த துளைகளோ நான்கே. முட்டையின் மட்டத்தில் அளக்காத உஷ்ணம் உஷ்ணமே அன்று என்பதையும், பனிக்கட்டி மிதக்கும் நீரில் வைத்துச் சைபர் காட்டுகிறதா என்று பாராத மானியை நம்பலாகாது என்பதையும், எல்லாவற்றுக்கும் மேலாக, பம்பாய் ஜூனில் ஒரு சாரை முட்டைக்கு விளக்கே வேண்டியதில்லை, அறையின் இயல்பான உஷ்ணமே போதும் என்பதையும் அந்த இரு குட்டிகளின் விலையில் கற்றுக்கொண்டோம்.

உஷ்ணத்தின் விஷயம் இதோடு முடியவில்லை. எல்லா முட்டையும் பொரிந்தும் காரியம் தோற்றுப்போகக்கூடிய ஒரு வழி உண்டு. 1966-இல் செனகல் நாட்டின் தாக்கரில் மதலேன் ஷார்னியே என்ற பிரெஞ்சு மாது, நம் ஓணானுக்கு உறவான ஒரு பல்லியின் முட்டைகளை வெவ்வேறு உஷ்ணத்தில் வைத்துப் பார்த்து, குஞ்சு ஆணாவதும் பெண்ணாவதும் உஷ்ணத்தைப் பொறுத்தது என்று வெளியிட்டார். நம் நாட்டின் சதுப்பு முதலையில் இதை நிறுவிய இடம் சென்னைக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே, வடநெம்மேலியில், ராமுலஸ் விட்டேக்கர் 1976-இல் நிறுவிய முதலைப் பண்ணை. அங்கே ஜெப்ரி லாங், ஹாரி ஆண்ட்ரூஸ், விட்டேக்கர் மூவரும் 1989-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, 28 முதல் 31 டிகிரி வரை மாறாத உஷ்ணத்தில் வைத்த முட்டைகளில் பிறந்தவை அனைத்தும் பெண், 32.5 டிகிரியில் அனைத்தும் ஆண். 33 டிகிரியில் இரண்டும் கலந்து. ஒன்றரை டிகிரி வித்தியாசத்தில் ஒரு தலைமுறையே ஒரே பாலாகிவிடுகிறது. கடலாமைகளில் இதற்கு நேர்மாறாகக் குளிர்ச்சி ஆணையும் சூடு பெண்ணையும் தருகிறது. ஆகையால்தான், கூடுகளிலிருந்து முட்டைகளை எடுத்துத் தெர்மாகோல் பெட்டிகளில் பொரித்துக் கடலில் விட்டுவந்த மேல்நாட்டுக் காப்பகங்களைப் பார்த்து, நிக்கலஸ் ம்ரோசாவ்ஸ்கி என்ற விஞ்ஞானி 1980-களின் தொடக்கத்தில், மண்ணைவிடச் சற்றே குளிர்ந்த அந்தப் பெட்டிகள் ஆண் ஆமைகளையே உற்பத்தி செய்துகொண்டிருக்கக் கூடும் என்று எச்சரித்தார். பொரித்த எண்ணிக்கையை மட்டும் எழுதிவைத்த நோட்டுகளில் இந்தத் தோல்விக்கு அடையாளமே இராது.

முட்டையைப் புரட்டக்கூடாது என்று தொடக்கத்தில் சொன்னேன். அதன் காரணத்தை இங்கே விரிக்கவேண்டும், ஏனெனில் கோழியிடம் கற்ற பாடம் நம்மைப் பெரிதும் ஏமாற்றும் இடம் இதுவே. அடைக்கோழி நாளுக்குப் பலமுறை தன் முட்டைகளைப் புரட்டுகிறது. புரட்டாவிட்டால்தான் குஞ்சு கெடும். அதன் மஞ்சள் கருவை இருபுறமும் முறுக்கிய நாண்கள்போன்ற வெண்ணிற இழைகள் தாங்கி நிற்பதால், எப்படிப் புரட்டினாலும் கரு மேல்நோக்கியே திரும்பிக்கொள்கிறது. ஊர்வனவற்றின் முட்டையில் அந்த நாண்கள் இல்லை. முதலை முட்டை இடப்பட்ட ஒரு நாளைக்குள் கரு மேலெழுந்து, ஓட்டின் உட்புறத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய இடத்தில் ஓடு சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்து, அந்த வெளுப்பு நாளடைவில் முட்டையைச் சுற்றிப் பட்டையாகப் படர்கிறது. அனுபவமுள்ளவர்கள் அந்தப் பட்டையைப் பார்த்தே முட்டை உயிரோடு இருப்பதை அறிவார்கள். ஒட்டிய பிறகு புரட்டினால், மேலே இருந்த கரு மஞ்சள் கருவின் பாரத்துக்கு அடியில் போய், இளம் சவ்வுகள் கிழிந்து சாகிறது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் காலின் லிம்பஸும் அவர் தோழர்களும் 1979-இல் வெளியிட்ட பரிசோதனையில், கடலாமை முட்டைகளை இட்ட இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் இடம் மாற்றினால் தீங்கு குறைவு என்றும், அந்த நேரம் கடந்தபின் அசைத்தால் சாவு பெருகுகிறது என்றும், அந்த அபாயம் பல வாரங்கள் நீடிக்கிறது என்றும் தெளிந்தது. தாயின் கருக்குழாயில் காற்றில்லாமையால் உறக்கத்தில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த கரு, வெளிக்காற்று பட்டதும் விழித்து வளரத் தொடங்குவதே இந்தக் கெடுவுக்குக் காரணம். பாம்பு முட்டை இடப்படும்போதே கரு கணிசமாக வளர்ந்திருப்பதால் அது இவ்விஷயத்தில் சற்றுப் பொறுமையுடையது; ஆனால் பொறுக்கும் என்பதற்காகச் சோதித்துப் பார்க்கவேண்டியதில்லை. கண்ட நிலையிலேயே ஒவ்வொரு முட்டையின் உச்சியிலும் மெல்லிய பென்சிலால் ஒரு புள்ளி இட்டு, அந்தப் புள்ளி வானத்தைப் பார்த்தபடியே எடுத்துச் செல்வது உலகெங்கும் முட்டை காப்போர் கைக்கொண்ட வழக்கம்.

பம்பாய்க்குத் தெற்கே, ரத்னகிரி மாவட்டத்தின் வேளாஸ் கிராமத்தில் 2002-இல் சிப்ளூணைச் சேர்ந்த சஹ்யாத்ரி நிசர்க மித்ரா என்ற சங்கம் தொடங்கிய பணி, இந்த இரண்டு மூன்று மணி நேரக் கணக்கின் அருமையை நன்கு காட்டும். பங்குனி ஆமை இரவில் கரையேறி, ஒன்றரையடி ஆழத்துக் குடம்போன்ற குழியில் நூறு முட்டைகளுக்கு மேல் இட்டுவிட்டுப் போகிறது. விடியுமுன் நாயும் நரியும் தோண்டிவிடுகின்றன. ஆகவே கிராமத்தார் இரவிலும் விடியற்காலையிலும் கரையை நடந்து, கண்ட கூட்டை வேலியிட்ட காப்பகத்துக்கு மாற்றுகிறார்கள். அங்கே தோண்டும் குழியும் ஆமை தோண்டியதைப்போலவே வாய் குறுகி அடி அகன்றதாக, அதே ஆழத்தில், அலையின் ஈரம் எட்டாத இடத்தில் இருக்கவேண்டும். ஆழம் குறைந்தால் நண்பகல் சூடு உள்ளே இறங்கும். சென்னைக் கடற்கரையில் 1988 முதல் இதே பணியைச் செய்துவரும் மாணவர் கடலாமைப் பாதுகாப்புச் சங்கத்தாரின் இரவு நடைகளில் பங்குகொண்ட எவரும், முட்டையை வாங்கும் கையும் வைக்கும் கையும் எவ்வளவு நிதானமாக இயங்குகின்றன என்பதைக் கண்டிருப்பார்கள். கடலை நம்பி ஒரு கூட்டை ஆமை இட்ட இடத்திலேயே விடமுடிந்தால் அதுவே உத்தமம். 2018 மார்ச்சில் பம்பாயின் வெர்சோவா கரையில் சுமார் எண்பது பங்குனி ஆமைக் குஞ்சுகள் கடலை நோக்கி ஊர்ந்ததைக் கண்டு நகரமே வியந்தபோது, அந்தக் கூட்டை எவரும் பேணவில்லை. பல மாதங்களாகக் குப்பை அகற்றப்பட்ட வெறும் மணலே அதைப் பேணிற்று.

தாய் அருகில் இருக்கும்போது மனிதன் விலகி நிற்பதே மேலான சிகிச்சை என்பதற்கு மலைப்பாம்பைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. வங்காளத்தில் மலைப்பாம்பு தன் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு சூடேற்றுவதைக் கண்டதாக லமார்-பிக்கோ என்ற பிரெஞ்சுக்காரர் 1832-இல் பாரிஸ் விஞ்ஞான சபையில் சொன்னபோது, குளிர்ந்த இரத்தமுள்ள பிராணி எப்படிச் சூடேற்றும் என்று சபையார் அதை ஏற்கவில்லை. 1841-இல் பாரிஸ் காட்சி சாலையிலேயே ஒரு மலைப்பாம்பு அடைகாத்தபோது, வலான்சியன் என்ற விஞ்ஞானி அதன் சுருள்களுக்கிடையே மானியை வைத்துப் பார்த்து, உண்மை என்று கண்டார். 1966-இல் நியூயார்க்கில் நடந்த பரிசோதனையில் அதன் உபாயமும் விளங்கிற்று: சூழல் குளிரக் குளிர அந்தத் தாய் தன் தசைகளை இடைவிடாமல் துடிக்கச் செய்து, முட்டைகளைச் சூழலைவிடப் பல டிகிரி வெப்பத்தில் வைத்திருந்தது. 2022-இல் கேரளத்தின் காசர்கோட்டில் தேசிய நெடுஞ்சாலை வேலையின்போது மலைப்பாம்பு ஒன்று 24 முட்டைகளோடு தென்பட்டது. முட்டைகள் பொரியும் தருணம் வரை, 54 நாட்கள், அந்த இடத்தில் வேலையை நிறுத்தி வைத்தார்கள். எந்தப் பெட்டியும் கருவியும் செய்திருக்க முடியாத காரியத்தை அந்தத் தாயே செய்ய விட்டார்கள்.

தோல்வி என்று நாம் எழுதும் நாளையும் இனத்துக்கு இனம் மாற்றவேண்டும். நம் குளங்களில் வாழும் பால் ஆமையின் முட்டை, பங்குனி ஆமையின் முட்டையைப்போல் ஐம்பது நாளில் பொரிவதன்று; கரு நடுவே வளர்ச்சியை நிறுத்தி மாதக்கணக்கில் உறங்கி, பருவம் மாறிய பிறகே விழிக்கும். சில முட்டைகள் ஒரு வருஷத்தை ஒட்டியும் போகின்றன. அறுபதாம் நாள் பொறுமையிழந்து கூமுட்டை என்று அவற்றைக் கொட்டுபவர், உறங்கும் உயிரைக் கொட்டுகிறார். இருட்டறையில் முட்டையின் அடியில் சிறு டார்ச்சை வைத்து, வெளிச்சம் ஊடுருவும்போது இளஞ்சிவப்பு நரம்புகள் தெரிகின்றனவா என்று, புரட்டாமல், பார்த்துக்கொள்வது இந்தத் தவற்றைத் தடுக்கும். நரம்பு தெரியும் வரை அது உயிரே. முட்டை வியர்த்து, துர்நாற்றம் வீசி, தானே இடிந்து விழும் வரை எந்த முட்டையையும் அடக்கம் செய்ய வேண்டிய அவசரமில்லை.

மறு வருஷம் ஜூனில் மாட்டுங்கா ரயில் பாலத்தின் ஓரத்திலிருந்து வனத்துறையார் வழியாக எங்களிடம் ஒன்பது சாரை முட்டைகள் வந்தன. குலையைப் பிரிக்கவில்லை, ஒவ்வொன்றிலும் பென்சில் புள்ளி, மணல் புட்டுப் பதத்தில், மின்விளக்கு இல்லை, மூடியில் இருபது துளைகள், மானி முட்டைகளின் நடுவில். ஐம்பத்தோராம் நாள் தொடங்கி மூன்று நாட்களில் ஏழு குட்டிகள் வெளிவந்தன. வனத்துறையார் அவற்றைக் காட்டில் விட்டார்கள். மிஞ்சிய இரண்டையும் திறந்தோம். ஒன்று மஞ்சள் பாரித்த வெறும் முட்டை. மற்றொன்றில் முழுக் குட்டி. தோலில் தழும்பில்லை, பூஞ்சணமில்லை, நீர் கோக்கவில்லை, மஞ்சள் கருவும் ஒழுங்காக உள்ளே இழுக்கப்பட்டிருந்தது. உதட்டு நுனியிலிருந்த பல் முட்டைத் தோலின் உட்புறத்தில் ஒரு கீறல்கூட இட்டிருந்தது. நோட்டில் அதன் வரிசைக்கு நேரே, நாள், எடை, உஷ்ணம் எல்லாம் எழுதிய பிறகு, காரணம் என்ற பத்தியை மாணவர் காலியாக விட்டு வைத்திருக்கிறார்.